பன்னிரண்டு மில்லிமீட்டர்

எப்சிபா செய்த வயலின் பெட்டியின் வெல்வெட், திறப்பவர் எதைத் தொலைத்திருக்கிறாரோ அந்த வடிவத்துக்குப் பள்ளம் விழ ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அன்றைக்குத்தான் எங்கள் தெருவுக்கு மூன்று நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது என்பதால் முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எப்சிபாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் தங்கதுரையின் டயர்க் கடை மாடியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு பதினோரு வருடம் முன்பு வந்தவள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, கூட யாரும் வரவில்லை, பின்னாலும் யாரும் வரவில்லை. எங்கோ ஒரு விடுதியில் வளர்ந்து, அங்கிருந்து இன்னொரு விடுதிக்குப் போய், தோல் சாமான் செய்யும் படிப்புப் படித்து, யாரோ ரிப்பேருக்குக் கொடுத்த வெளிநாட்டு வயலின் பெட்டி ஒன்றை ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டுச் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டாள் என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கேட்காததை மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவளுடைய பெட்டி ஒன்றுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆள் வரும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களைப் போல காரில் வந்து இறங்கி, டயர் அடுக்குகளுக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவார்கள். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்து, மேலே தோல் போர்த்தி, பித்தளைக் கொக்கி வைத்து, உள்ளே பஞ்சு பரப்பி, பஞ்சின் மேல் பனாரஸிலிருந்து வரவழைத்த பட்டு வெல்வெட்டை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டுவாள். விபூதிப் பொட்டலம் வைக்க ஒருவர் அறை கேட்பார், மாதாவின் படம் வைக்க ஒருவர் கேட்பார். இந்தக் கதைக்குக் காரணமான பெட்டிக்கு ஆர்டர் கொடுத்த சென்னை வயலின் விதுஷி பத்மாசனி அம்மாள், இஞ்சி மிட்டாய் டப்பாவுக்கென்று தனியாக ஒரு குழி கேட்டிருந்தார்.

"வயலின் பெட்டிக்குள்ள படுக்கக் கூடாதுக்கா, தொங்கணும்," என்று எப்சிபா ஒருமுறை பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாயிடம் சொல்லியிருக்கிறாள். "ஓரத்துல மட்டுந்தான் பிடிச்சிருக்கணும். வயிறோ முதுகோ எதுலயும் படக் கூடாது. மேல தந்தியத் தாங்கிக்கிட்டு நிக்குல்லா, குதிரைன்னு சொல்லுவாவ, அதுக்கும் மூடிக்கும் நடுவுல பத்து மில்லிமீட்டர் இருக்கணும். ஒட்டாம இருந்தாத்தான் உடையாம இருக்கும்."

பதினோரு வருடத்தில் அவள் எங்களிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சொர்ணத்தாய் அதை அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த அவசரத்தில் கேட்டிருக்கிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எப்சிபா கீழே குடத்தோடு வரிசையில் நின்றாள். சொர்ணத்தாய் தன் பெயருக்கு வந்து எப்சிபா வாங்கி வைத்திருந்த கூரியர் பொட்டலத்தை எடுக்க மாடிக்குப் போனவள், முதல் நாள்தான் வெல்வெட் ஒட்டி முடித்திருந்த அந்தப் பெட்டியைச் சும்மா இருக்க மாட்டாமல் திறந்தாள். மயில்கழுத்து நிற வெல்வெட் நடுவில் மெல்ல உள்வாங்கி, ஒரு நகக்கண் அளவு சிறு பள்ளமாகி, பள்ளத்துக்குள் ஏழு புள்ளியாகி, அதில் ஒரு புள்ளி மட்டும் இல்லாமல் நின்றது. தை மாதம் தொலைத்த தன் ஏழுகல் கம்மலில் ஒரு கல் ஏற்கெனவே விழுந்திருந்தது சொர்ணத்தாய்க்கு மட்டும்தான் தெரியும். "என் கம்மல்லா இது!" என்றாள். பிறகு மூடியைச் சாத்திவிட்டுப் போய்த் தண்ணீர் பிடித்தாள்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெட்டி பொருளைத் திருப்பித் தராது, எங்கே கிடக்கிறது என்றும் சொல்லாது. வடிவத்தை மட்டும் காட்டும். ஆனால் எங்கள் தெரு ஆட்கள் எதையும் வீணாக்காதவர்கள். சொர்ணத்தாய் மறுநாளே மெழுகை உருக்கிப் பள்ளத்தில் ஊற்றி அச்செடுத்து ஆசாரியிடம் கொடுத்து, காணாமற்போன கம்மலுக்குப் பதில் ஒன்று செய்துகொண்டாள். எதிர்வீட்டு இசக்கியப்பன் ரயிலில் விட்டுவிட்டு வந்த கீழ்ப்பல் செட்டை அதே மாதிரி அச்செடுத்துக்கொண்டு போக, பல் டாக்டர் இவ்வளவு சுத்தமான அச்சு யார் எடுத்தது என்று கேட்டாராம். போன தேர்தலில் தோற்ற கவுன்சிலர் வந்து, கார்ச் சாவியைத் தேடுகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திறந்தார், நாற்காலி வடிவத்தில் பள்ளம் விழுந்தது.

எப்சிபா யாரையும் போகச் சொல்லவில்லை. ஒட்டுப் பசையையும் வெட்டுக் கத்தியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு வழி விட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். வேலை கெடுகிறதே என்று தங்கதுரை கேட்டதற்கு, "பரவால்ல அண்ணாச்சி, வரட்டும்," என்று சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்னபோது அவள் முகம் நன்றாக இருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார்.

இப்படித்தான் ஒரு நடைமுறை உண்டாயிற்று. பெண்கள் பத்து மணி முதல் பன்னிரண்டு, ஆண்கள் நாலு மணிக்கு மேல். மூடியை யார் கை திறக்கிறதோ அவருக்குத்தான் பள்ளம் விழும் என்பதால் ஒருவர் திறக்கும்போது மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. தேவாலயத்துப் போதகர் இது விக்கிரகமும் அல்ல, அற்புதமும் அல்ல, பயன்படுத்தலாம் என்றார். அம்மன் கோயில் பூசாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் போனால் போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

கம்மலும் பல்செட்டும் முதல் வாரத்தோடு தீர்ந்துபோயின. அதற்குப் பிறகு வந்தவர்கள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வந்தார்கள். தையல் கடை முத்தழகி திறந்தபோது பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தையின் முதுகு விழுந்தது. அவள் உள்ளங்கையை அந்தப் பள்ளத்தில் வைத்து, சூடு ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டு, மூடினாள். தங்கதுரை திறந்தபோது ஒரு முழங்கை. எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவருடைய தம்பி சின்ன வயதில் ஒரே கட்டிலில் படுத்து அண்ணன் விலாவில் முழங்கையை இடித்துக்கொண்டேதான் தூங்குவானாம். தங்கதுரை மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி இருக்கும் சாத்தூருக்குப் பஸ் ஏறினார். வெறும் விரல் நுனி விழுந்தவர்கள் இருந்தார்கள், ஒரு கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலை விழுந்தவர் இருந்தார். எல்லோரும் மூடியை மெதுவாகச் சாத்தினார்கள். மாடிப்படியில் இறங்கும்போது யாரும் யாரையும் என்ன என்று கேட்கவில்லை.

எப்சிபாவைக் கேட்டோம். கேட்காமல் இருக்க முடியுமா? முதல் நாளே கேட்டோம்.

"உனக்கு என்னட்டி விழுந்துச்சு?" என்றாள் சொர்ணத்தாய்.

"ஒண்ணும் விழலக்கா."

"சும்மா சொல்லாத."

எப்சிபா பெட்டியைத் திறந்து காட்டினாள். வெல்வெட் ஒட்டியபடி அப்படியே, ஒரு புள்ளி பள்ளம் இல்லாமல், இஸ்திரி போட்டது மாதிரி இருந்தது. மறுநாளும் அப்படியே, அடுத்த வாரமும் அப்படியே. தெருவில் நூற்று எழுபது பேர் திறந்து நூற்று எழுபது பேருக்கும் பள்ளம் விழுந்திருக்க, ஒன்றும் தொலைக்காத ஒரே ஒருத்தி இவள்.

"கொடுத்து வச்சவட்டி நீ," என்றாள் சொர்ணத்தாய், நிஜமான பொறாமையோடு.

எப்சிபா சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு, எல்லோரும் போன பின், அவள் தினமும் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அவளே பிறகு சொன்னது இது. தனக்கும் ஏதாவது விழ வேண்டும், ஒரு பொத்தானாவது விழ வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். ஒன்றும் விழாதென்றால் தொலைப்பதற்குக்கூட ஒன்றும் இருந்ததில்லை என்றுதானே ஆகிறது என்பது அவளுடைய பயம். எங்களுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. நாங்கள் எங்கள் அதிர்ஷ்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆமாம், அவளை எங்கள் அதிர்ஷ்டமாக்கிக்கொண்டோம். குறையே இல்லாதவள் கைபட்டால் குறை வராது என்று யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் அந்த ஆனி மாதத்திலும் ஆவணியிலும் எங்கள் தெருவில் நடந்த எல்லா நல்ல காரியத்துக்கும் ஆரத்தித் தட்டைப் பிடித்தது எப்சிபாதான். கல்யாணமாகாத பெண்ணை முன்னால் நிறுத்தாத வீடுகள்கூட அவளை நிறுத்தின. ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை முதலில் அவள் மடியில்தான் கொடுத்தார்கள். வளைகாப்பில் முதல் வளையலை அவள்தான் போட்டாள். போட்டதும், பந்திக்கு நேரமாகிறது, உனக்கும் வேலை கிடக்கும் என்று சொல்லி, வாழையிலையில் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அவள் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவாள். குறையில்லாதவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட எங்களுக்கு என்னவோ கூச்சமாக இருந்தது.

இதற்கிடையில் அவள் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மாசனி அம்மாள் பங்குனியில் ஒரு கச்சேரிக்காக இந்தப் பக்கம் வந்தபோது, அவருடைய குருநாதர் கையிலிருந்து வந்த நூறு வருடத்து வயலினை இரண்டு நாள் எப்சிபாவிடம் விட்டுப் போயிருந்தார். எப்சிபா அதைக் காகிதத்தில் வரைந்து, உயரம் அகலம் எடுத்து, அச்சு அசலாக ஒரு மரப் பொம்மை வயலின் செய்து வைத்திருந்தாள். பெட்டியை அனுப்புவதற்கு முன் அந்தப் பொம்மையை உள்ளே வைத்து இரும்பு ஸ்கேலால் அளந்தாள். குதிரைக்கும் மூடிக்கும் நடுவில் பத்து இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டு இருந்தது. வயலின் அவ்வளவு கீழே தொங்கினால் முதுகு பெட்டியின் அடியில் தட்டும். பசையின் ஈரத்தில் பஞ்சு இறங்கியிருக்கிறது, சில பஞ்சு அப்படித்தான் செய்யும் என்று அவள் நினைத்தாள். வெல்வெட்டை ஓரத்தில் பிரித்து, அடியில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பஞ்சு கூட்டி வைத்து, மறுபடி இழுத்து ஒட்டினாள். மறுபடி அளந்தாள். பத்து. எப்போதும் போல் தனியாகவே திறந்து, தனியாகவே அளந்து, தனியாகவே மூடி, ஆவணிக் கடைசியில் பெட்டியைச் சென்னைக்கு அனுப்பிவிட்டாள்.

பெட்டி போனதும் வரிசையும் போய்விட்டது. மாடிப்படியில் செருப்புகள் இல்லை. கல்யாண சீசன் முடிந்திருந்தது, ஆரத்திக்கும் வேலை இல்லை.

பத்தாவது நாள் பத்மாசனி அம்மாள் வந்து நின்றார். அறுபது வயது, ஒல்லியான உடம்பு, ஒரு கையில் புதுப்பெட்டி, மறு கையில் பழைய பெட்டியில் வயலின். ரயிலை விட்டு இறங்கி நேரே வந்திருந்தார். மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டதால் கீழே இருந்த எங்களுக்கும் கேட்டது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே? மூடியச் சாத்தறேன், குதிரைய அழுத்தறது. ஒரு தந்தி முனகித்து, அதைக் கேட்டுக் கைய எடுத்தேனோ பிழைச்சுதோ! இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா மேல் பலகை பிளந்திருக்கும். எங்க குருநாதர் வாசிச்ச வாத்தியம் அது."

சத்தம் கேட்டு மேலே போன சொர்ணத்தாய் கதவருகே நின்று பார்த்துச் சொன்னதுதான் மற்றதெல்லாம்.

எப்சிபா ஸ்கேலை எடுத்தாள். பெட்டியைத் திறந்தாள், பொம்மையை வைத்தாள், அளந்தாள். பத்து.

"சரியா இருக்கு மேடம்."

"நான் பொய் சொல்றேனா?" என்று அந்த அம்மாள் பெட்டியை மூடி, தானே திறந்து, எப்சிபா கையிலிருந்த ஸ்கேலை வாங்கி வைத்தார். மூடி எங்கே வந்து நிற்குமோ அதைவிட இரண்டு மில்லிமீட்டர் மேலே நின்றது குதிரை. வெல்வெட்டின் ஒரு மூலையில் ஒரு வெற்றிலைச் செல்லப் பெட்டியின் வடிவத்தில் சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. அவர் அதைப் பார்க்காதது போல் இருந்துகொண்டார்.

எப்சிபா திறந்தால் பத்து. பத்மாசனி அம்மாள் திறந்தால் மூடி இடிக்கிறது. நாலு தடவை மாற்றி மாற்றித் திறந்தார்கள். பிறகு எப்சிபா சொர்ணத்தாயைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னாள். மூடி இடித்தது. எப்சிபா மறுபடி திறந்தாள். இந்தத் தடவை குதிரையை அளக்காமல், பொம்மையை வெளியே எடுத்துவிட்டு, வெல்வெட் பரப்பை மட்டும் பெட்டியின் விளிம்பிலிருந்து ஓர் இடம் விடாமல் அளந்துகொண்டு வந்தாள். நடுவில், ஓரத்தில், கழுத்து வரும் இடத்தில், வில் வைக்கும் பள்ளத்தில், இஞ்சி மிட்டாய்க் குழியின் அடியில்கூட அளந்தாள். சொர்ணத்தாயைத் திறக்கவைத்து அதே இடங்களை மறுபடி அளந்தாள். அவள் திறந்ததைவிடத் தான் திறந்தபோது எல்லா இடத்திலும் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆழம். ஒரு மயிரிழை கூடுதல் குறைவு இல்லை.

அவள் ஸ்கேலைக் கீழே வைத்தாள்.

"விழுந்துதான் இருக்கு," என்றாள். "மொத நாள்லருந்தே விழுந்துதான் இருக்கு. முழுசா விழுந்ததால தெரியல. ஓரம் இருந்தாத்தான மேடம் பள்ளம்னு தெரியும்."

பத்மாசனி அம்மாளின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவுமா?" என்று கேட்டார்.

"பஞ்சு எறங்கிட்டுன்னு நெனச்சேன்," என்றாள் எப்சிபா. "மன்னிச்சிருங்க மேடம். என் குறையக் கணக்குல எடுக்காம உங்க பெட்டியில பஞ்சக் கூட்டிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை என்று சொர்ணத்தாய் சொன்னாள். அழுதது சொர்ணத்தாய்தான், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கொடுத்து வச்சவ கொடுத்து வச்சவ என்று தான் சொன்னதெல்லாம் திரும்பித் திரும்பிக் கேட்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

பஞ்சைக் குறைத்து மறுபடி ஒட்ட இரண்டு நாள் ஆயிற்று. வேலை எப்சிபாவுடையது, ஆனால் ஒவ்வொரு முறை அளக்கவும் வேறு யாராவது வந்து திறக்க வேண்டியிருந்தது. சொர்ணத்தாய் வந்து திறந்தாள். திறந்துவிட்டு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தாள். பத்மாசனி அம்மாள் வயலினைப் பெட்டியில் வைத்து, மூடி, காதை வைத்துக் கேட்டு, ஒரு முனகலும் இல்லை என்று திருப்தியாகி, போகும்போது எப்சிபாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கச்சேரி இருந்தது. போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. நூற்று எழுபது பேர் அவள் வீட்டில் போய் எங்கள் கம்மலையும் பல்செட்டையும் பிள்ளையையும் தம்பியையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம், அவள் திறந்து காட்டியபோது முழுப் பெட்டியும் தாழ்ந்து கிடந்தது எங்கள் கண்ணில் படவில்லை. வெட்கப்பட்டவர்கள் என்ன செய்ய வேண்டும்? போய்ப் பேசியிருக்க வேண்டும். நாங்கள் போகவில்லை. என்னவென்று போவது, என்ன சொல்வது, பார்த்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று ஆளுக்கொரு காரணம். எதிரே வந்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டோம். இசக்கியப்பன் பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்கு ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் பேசி, கூப்பிட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவள் சார்பில் நாங்களே முடிவு செய்தோம். பெட்டியில் விழுந்த பள்ளத்தைவிட அந்தப் பத்துப் பதினைந்து நாளில் நாங்கள் தோண்டியதுதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை சொர்ணத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல், மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டினாள். எப்சிபா பசைத் தூரிகையோடு வந்து திறந்தாள். உள்ளே பாலக்காட்டுக்காரர் ஒருவருக்கான பெட்டி பாதியில் கிடந்தது.

"என்னக்கா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

"கூரியர் எதுவும் வரலையே."

"தெரியும்."

"அந்தப் பெட்டி போயிட்டுக்கா. இனிமே பள்ளம் பாக்க முடியாது."

"அதுக்கு வரலட்டி. சும்மா வந்தேன்."

எப்சிபாவுக்கு விளங்கவில்லை. அவள் சொர்ணத்தாயின் கையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், படியில் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் அறையைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்து வேலை செய்யும் நாற்காலி ஒன்று இருந்தது. இரண்டாவது நாற்காலி அந்த வீட்டில் இல்லை. வாரக்கணக்கில் அங்கே வரிசையில் நின்ற எங்களில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எப்சிபா அந்த ஒரே நாற்காலியை எடுத்து, பஞ்சுத் தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்து, சொர்ணத்தாய்க்கு முன்னால் போட்டுவிட்டு, தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள்.

"எவ்வளவு நேரம் இருப்பியக்கா?" என்று கேட்டாள், அளவெடுக்கும்போது கேட்கிற அதே குரலில்.

சொர்ணத்தாய் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.